உதவித்தொகையைப் பணமாகவே கொடுத்துவிட்டால் போதாதா?

உங்கள் தங்கைக்கு இளங்கலைப் படிப்புக்காகப் பல்கலைக்கழக உதவித்தொகை கிடைத்திருக்கிறது. அதனுடன் ஒரு வழிகாட்டி ஆசிரியர், ஒரு மூத்த மாணவி, இருவருக்கும் மேலே ஓர் ஒருங்கிணைப்பாளர் என்று மூன்று பெயர்கள் கொண்ட தாளும் வந்திருக்கிறது. மாதச் சந்திப்புக்கு வராவிட்டால் தொகை நிறுத்தி வைக்கப்படும் என்று அதில் எழுதியிருக்கிறது. ‘இவர்கள் எல்லாம் யார், இவர்களுக்கான சம்பளம் எந்தப் பணத்திலிருந்து போகிறது, அதையும் சேர்த்துப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிட்டால் என்ன’ என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இடையில் இத்தனை ஆட்கள் தேவையா என்பது ஒன்று. முன்பின் தெரியாத இவர்களை நம்பி ஒரு பெண்பிள்ளையை அனுப்பலாமா என்பது, நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத மற்றொன்று. இரண்டுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

நான் தென்மாவட்டக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியின் கடைசிப் பதினோரு ஆண்டுகள், பழைய மாணவர்களும் சில நன்கொடையாளர்களும் சேர்ந்து நடத்திய உதவித்தொகை, வழிகாட்டல் திட்டம் ஒன்றுக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். மருத்துவக் கல்லூரிகளிலோ ஐஐடிகளிலோ இத்தகைய திட்டங்கள் உள்ளுக்குள் எப்படி நடக்கின்றன என்பதில் எனக்கு நேரடி அனுபவம் கிடையாது. ஆகவே நான் சொல்வதைக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு முழுதாகவும் மற்றவற்றுக்கு ஓரளவாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நன்கொடையாளர்களும் பல்கலைக்கழகப் பொறுப்பாளர்களும் அடங்கிய குழு ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கூடி, யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும். அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பார்க்கும் எழுத்தர் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைச் சரிபார்ப்பார். வழிகாட்டி ஆசிரியர் பெரும்பாலும் அதே துறையைச் சேர்ந்தவர். எங்கள் கல்லூரிகளில் டியூட்டர் என்றும் அவருக்கு ஒதுக்கப்பட்ட மாணவரை வார்டு என்றும் சொல்வது நெடுநாள் வழக்கம். இந்த வேலைக்காக அவருக்குத் தனிச் சம்பளம் கொடுக்கும் கல்லூரியை நான் பார்த்ததில்லை. மூத்த மாணவி தன்னார்வலர். சில இடங்களில் அவருக்குச் சிறு ஊக்கத்தொகை தருவார்கள். முழுநேரச் சம்பளம் வாங்குபவர் பொதுவாக ஒருவரே. திட்ட அலுவலர் என்றோ உதவி ஒருங்கிணைப்பாளர் என்றோ பெயர் வைத்து, தொகுப்பூதியத்தில் அமர்த்தப்படும் இளைஞர் அவர். பத்திரிகைப் படங்களில் குழுவினர் இருப்பார்கள், மேடையில் என்னைப் போன்றவர்கள் இருப்போம். திட்டத்தை உண்மையில் நடத்துவது அந்தத் தொகுப்பூதியக்காரர்தான். இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

எங்களிடம் அந்த வேலையில் இருந்த பெண் நாள்தோறும் காலை பதினொரு மணிக்குத் துறை துறையாகப் போய் வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு செப்டம்பர் மாதம் முதலாண்டு வேதியியல் மாணவி ஒருத்தி தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை. விண்ணப்பத்தில் இருந்த எண் அவளுடைய மாமாவினுடையது. அவர் கோயம்புத்தூரில் வேலை செய்துகொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதே பேருந்தில் வரும் மூன்றாமாண்டு மாணவியிடம் சொல்லி அனுப்பியதில் மறுநாளே விஷயம் தெரிந்தது. ஆய்வக அங்கியும் ரெக்கார்டு நோட்டும் இல்லாமல் வந்ததற்காக அவளை ஆய்வகத்திலிருந்து வெளியே அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் வந்தால் மறுபடியும் கேட்பார்கள் என்று பயந்து வகுப்புக்கே வருவதை விட்டுவிட்டாள். இரண்டுக்கும் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள்தான் ஆகும். அவளுக்கு எங்கள் திட்டத்தில் ஆண்டுக்கு ₹20,000 ஒதுக்கீடு இருந்தது. ஆனால் முதல் தவணை ஜனவரியில்தான் வரும். திட்ட அலுவலரிடம் இருந்த சில்லறைச் செலவு முன்பணத்திலிருந்து, ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்று மாலையே இரண்டையும் வாங்கிக் கொடுத்தார். 75 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் அபராதம், இன்னும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது என்று விதி இருக்கும் இடத்தில், அக்டோபர் வரை யாரும் கவனிக்காமல் விட்டிருந்தால் ஜனவரியில் வந்த ₹10,000 அவளுக்கு எந்த வகையிலும் பயன்பட்டிருக்காது.

‘பணமாகவே கொடுத்துவிடுங்கள்’ என்பதற்கு என் முதல் மறுமொழி இதுதான். பணம் வரும் நாளும் பணம் தேவைப்படும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. அரசுத் திட்டங்களிலும் இந்த இடைவெளி உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய உதவித்தொகையில், 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாற்றங்களுக்குப் பின், மத்திய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. வெளிப்படைத்தன்மை என்ற வகையில் இது நல்லதுதான். ஆனால் கணக்கில் வரும் தொகையைக் கல்லூரிக்கு உரிய நேரத்தில் கட்ட வேண்டிய பொறுப்பு பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் விழுகிறது, அதே வாரத்தில் வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்தாலும்கூட. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் ₹1,000 தருகின்றன. மாதாமாதம் வருவதே இவற்றின் பெரிய பலம் என்று நான் நினைக்கிறேன்; பேருந்துக்கும் மதிய உணவுக்கும் அது ஆகும். ஆனால் வகுப்புக்கு வராத பிள்ளையை யாரும் தேடிப் போவது இவற்றில் ஒரு பகுதியாக இல்லை.

என் அனுபவம் ஒரு கல்லூரியின் அனுபவம் மட்டுமே என்பதால், முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் சமுதாயக் கல்லூரிகளில், அதாவது இரண்டாண்டுப் பட்டம் தரும் கல்லூரிகளில், 2007இல் ஏஎஸ்ஏபி என்ற திட்டத்தைத் தொடங்கியது. மற்ற உதவித்தொகைகள் போகக் கட்டணத்தில் மீதி நிற்கும் தொகையைத் திட்டம் ஏற்கும், பாடநூலுக்கு உதவும், நகரப் பேருந்துக்கும் மெட்ரோவுக்குமான பயண அட்டையை மாதந்தோறும் கொடுக்கும்; அதற்கு ஈடாக மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும். எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் சுமார் 900 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை மட்டும் இத்திட்டத்தில் சேர்த்துப் பின்தொடர்ந்தது. மூன்று ஆண்டு முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 விழுக்காட்டினரும் இல்லாதவர்களில் 22 விழுக்காட்டினரும் பட்டம் முடித்திருந்தார்கள். கல்வித் துறையில் இவ்வளவு பெரிய வேறுபாடு அபூர்வம். நான் கவனிக்கச் சொல்வது வேறொரு எண்ணிக்கையை. அங்கே ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 மாணவர்கள்தான். அதே கல்லூரிகளில் மற்ற மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் அறுநூறு பேருக்கு மேல் பார்க்க வேண்டியிருந்தது. இதே முறையை ஒஹாயோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகளில் நடத்திப் பார்த்தபோதும் பட்டம் பெற்றோர் விகிதம் ஏறக்குறைய இரட்டிப்பானது. வேறு ஊரில், வேறு ஆட்கள் நடத்தியும் பலன் தந்தது என்பதால் இதை உறுதியானவற்றின் பக்கம் வைக்கிறேன். பயண அட்டை எங்கள் ஆய்வக அங்கியைப் போன்றதுதான். சிறிய செலவு, தேவையான நாளில். அதை வாங்க வரும் சாக்கில் ஆலோசகரின் முகத்தையும் பார்த்தாக வேண்டும். உங்கள் தங்கையின் தாளில் இருக்கும் மாதச் சந்திப்பு நிபந்தனையும் அந்த நோக்கத்தில் வைக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும்.

வழிகாட்டல் என்றால் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளுக்கானது என்று உங்கள் வீட்டில் யாராவது நினைத்தால், அதே நாட்டில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் நடக்கும் மேயர்ஹாஃப் திட்டத்தைச் சொல்லுங்கள். ராபர்ட் மேயர்ஹாஃப், ஜேன் மேயர்ஹாஃப் தம்பதியரின் நன்கொடையில், ஃப்ரீமன் ரபோவ்ஸ்கி என்ற கணிதக்காரரின் முயற்சியால் 1988இல் உருவானது அது. 1989இல் சேர்ந்த முதல் அணியில் 19 கறுப்பின மாணவர்கள். அடுத்த ஆண்டு மாணவியரும், 1996இலிருந்து எல்லா இனத்தவரும் சேர்க்கப்பட்டார்கள். சேர்வதே கடினம், எல்லோரும் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். இருந்தும், வகுப்பு தொடங்குமுன் ஆறு வாரம் வளாகத்தில் ஒன்றாகத் தங்கிப் படிக்க வேண்டும், பிறகும் குழுவாகவே படிக்க வேண்டும், ஆலோசகர் அழைத்தால் போக வேண்டும். கொரோனா தடுப்பூசி ஆய்வில் பெயர் பெற்ற கிஸ்மேகியா கார்பெட் இத்திட்டத்தில் படித்தவர். இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். மேயர்ஹாஃப் மாணவர்களை, அதே அழைப்பு கிடைத்தும் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனவர்களோடுதான் பெரும்பாலும் ஒப்பிட்டிருக்கிறார்கள். குலுக்கல் முறையில் பிரித்த நியூயார்க் ஒப்பீட்டின் உறுதி இதற்குக் கிடையாது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினாப் பல்கலைக்கழகமும் இதைப் பின்பற்றி நடத்தியவற்றிலும் நல்ல விளைவு தெரிந்தது என்பதால் ஐயம் குறைகிறது, முழுதாகத் தீரவில்லை.

வழிகாட்டல் மட்டும் தனியாகப் பலன் தருமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. கனடாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 2005இல் சேர்ந்த முதலாண்டு மாணவர்களுக்கு, சிலருக்கு மூத்த மாணவர் ஆலோசனை மட்டும், சிலருக்கு மதிப்பெண்ணுக்கேற்ற பணம் மட்டும், சிலருக்கு இரண்டும் என்று கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் கிடைத்த மாணவியரின் மதிப்பெண் உயர்ந்தது, அந்த உயர்வு இரண்டாம் ஆண்டிலும் நிலைத்தது. ஆலோசனை மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஆண்களிடம் எதிலுமே மாற்றம் இல்லை. ஒஹாயோவில் முன்பு ஒருமுறை ஆலோசனையை இரண்டு பருவத்துக்கு மட்டும் அதிகப்படுத்திவிட்டு நிறுத்தியபோது, கிடைத்த சிறு முன்னேற்றமும் கொஞ்ச நாளில் கரைந்துபோனது. நியூயார்க் திட்டத்திலேயே கட்டணச் சலுகையா, ஆலோசகரா, பயண அட்டையா, எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வால் முடியாது, எல்லாம் ஒன்றாகவே கொடுக்கப்பட்டதால்.

நம் கல்லூரிகளில் வழிகாட்டல் தோற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தர மதிப்பீட்டுக்காக நாக் குழு வரும்போது மாணவர் வழிகாட்டி விகிதம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை காட்டுவதற்காகத் துறைதோறும் ஒரு பதிவேடு வைக்கிறார்கள். நான் புரட்டிப் பார்த்த ஒரு பதிவேட்டில் ஆறு மாதச் சந்திப்புகளும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ‘மாணவர் நலமாக உள்ளார், நன்கு படிக்க அறிவுறுத்தப்பட்டார்’ என்று எழுதப்பட்டிருந்தன. அதில் ஒரு பையன் அந்த ஆறு மாதத்தில் இரண்டாவது மாதமே படிப்பை நிறுத்தியிருந்தான். ஆசிரியர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வாரம் பதினாறு மணி நேர வகுப்பும் விடைத்தாள் திருத்தலும் இருக்கும்போது இருபது பேரை மாதாமாதம் உட்கார வைத்துப் பேசு என்றால் பதிவேடுதான் பேசும்.

என் கையால் நடந்த பிழை ஒன்றும் இருக்கிறது. எங்கள் திட்டத்தில் முதலில் ஒரு விதி வைத்திருந்தோம்: ஒரு பருவத்தில் இரண்டு தாளுக்கு மேல் அரியர் வந்தால் உதவித்தொகை நிறுத்தப்படும். தமிழ் வழியில் பள்ளி முடித்து வந்த இயற்பியல் மாணவன் ஒருவன் முதல் பருவத்தில் மூன்று தாள்களில் தவறினான். ஆங்கிலப் பாடநூலில் பக்கத்துக்கு இருபது சொல்லுக்கு அகராதி பார்க்க வேண்டியிருந்த பையன் அவன் என்பது பின்னால்தான் தெரிந்தது. நிறுத்தல் கடிதம் என் கையெழுத்தில்தான் போனது. அவன் வந்து முறையிடவில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பின் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்குப் போய்விட்டான் என்று அவன் அறைத்தோழன் சொன்னான். அடுத்த ஆண்டு விதியை மாற்றினோம். முதல் இரண்டு பருவங்களுக்கு அரியரைக் காரணம் காட்டித் தொகையை நிறுத்துவதில்லை. அதற்குப் பதிலாக மூத்த மாணவரோடு வாரம் இரண்டு மாலை உட்கார வேண்டும். அதன் பிறகு இடைநிற்றல் குறைந்தது. விதியை மாற்றியதால்தான் குறைந்தது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அதே காலத்தில் விடுதிக்கட்டணத்துக்கு ஒரு நன்கொடையாளர் கிடைத்தார், பையன்கள் சேர்ந்த முறையும் கொஞ்சம் மாறியது.

சம்பளக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் நேராகக் கேட்டது அதைத்தான். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 80 மாணவர்களுக்கு ஆண்டுக்குத் தலா ₹25,000 என்று வைத்துக்கொண்டால் உதவித்தொகை ₹20 லட்சம். ஒரு திட்ட அலுவலருக்கு மாதம் ₹25,000 என்றால் ஆண்டுக்கு ₹3 லட்சம். அவரை எடுத்துவிட்டு அந்தப் பணத்தைப் பிள்ளைகளுக்கே பங்கிட்டால் ஒருவருக்கு ஆண்டுக்கு ₹3,750, அதாவது மாதம் முந்நூற்றுச் சொச்சம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த முந்நூறு ரூபாயா, மூன்று நாள் வராவிட்டால் தேடி வரும் ஓர் ஆளா என்பதுதான் கேள்வி. என் விடை எது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்காக எல்லா நிர்வாகச் செலவையும் நான் நியாயப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். கையகலக் காசோலையை ஆளுயர அட்டையாக அச்சடித்து, பொன்னாடை போர்த்தி, நினைவுப் பரிசு கொடுத்து நடக்கும் விழாவுக்கு ஆகும் செலவைக் கேட்டால் சில திட்டங்களில் ஒரு மாணவரின் முழு ஆண்டுத் தொகை வரும். கேட்க வேண்டிய செலவு அதுவே.

இரண்டாவது கேள்விக்கு, நம்பிக்கைக்கு, வருகிறேன். வழிகாட்டி என்பவருக்குக் குடும்ப நிலவரம், தந்தையின் குடிப்பழக்கம், கடன், காதல் என்று பலவும் தெரியவரும். அதை வைத்து அவர் மாணவியின் மேல் உரிமை கொண்டாடத் தொடங்கினால் அதுவே ஆபத்து. சந்திப்பு துறை அறையிலோ நூலகத்திலோ, பிறர் கண்ணில் படும் இடத்தில், கல்லூரி நேரத்தில் நடக்க வேண்டும். வீட்டு வேலைக்கு அழைப்பது, ஆய்வுக்கட்டுரையைத் தட்டச்சு செய்யச் சொல்வது, இரவில் தனிச் செய்தி அனுப்புவது இவையெல்லாம் வழிகாட்டலில் சேர்ந்தவை அல்ல. ‘உதவித்தொகை வாங்குகிறாய் அல்லவா’ என்ற சொல் எந்த வேலைக்கு முன்னுரையாக வந்தாலும் உங்கள் தங்கை அதை ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும். எல்லை மீறல் என்றால் 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டிய உள்ளகப் புகார்க் குழுவிடமே நேரடியாகப் போகலாம். அதற்கு வழிகாட்டியின் அனுமதியோ ஒருங்கிணைப்பாளரின் அனுமதியோ தேவையில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மனநல மருத்துவர்கள் அல்லோம். தூக்கமின்மை, சாப்பிடாமை, உயிர்மேல் வெறுப்பு என்று ஒரு பிள்ளை பேசத் தொடங்கினால் நல்ல வழிகாட்டி அறிவுரை சொல்லிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல், டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணையோ 104 எண்ணையோ அழைக்க உதவுவார், மருத்துவமனைக்குக் கூடவே போவார்.

உங்கள் தங்கை சேரப்போகும் திட்டம் எப்படிப்பட்டது என்பதை அறிமுகக் கூட்டத்தில் சில கேள்விகளால் தெரிந்துகொள்ளலாம். ஓர் அலுவலருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். நூறுக்குள் என்றால் நல்லது, முந்நூறு என்றால் மாதச் சந்திப்பு கையெழுத்தாகத்தான் நடக்கும். சென்ற ஆண்டு முதல் தவணை எந்த மாதம் கிடைத்தது என்பதை அலுவலகத்தில் கேட்காமல் இரண்டாமாண்டு மாணவியிடம் கேளுங்கள். அரியர் வந்தால் என்ன நடக்கும் என்பதை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். திட்டத்தில் படித்து முடித்தவர்கள் யாராவது மூத்த வழிகாட்டியாகத் திரும்பி வந்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அவசரத்துக்கு ஐந்நூறு ரூபாய் தேவைப்பட்டால் அன்றைக்கே கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கு, குழு கூடித்தான் முடிவு செய்யும் என்று பதில் வந்தால் அந்தத் திட்டத்தில் ஆள் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கூட்டத்துக்கு முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. ஆதார் வழியாக வரும் அரசுப் பணம், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்குப் போகாது. கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்பட்டதோ அங்கே போய்விடும். பள்ளியில் தொடங்கிய கணக்கு, கல்லூரியில் சேர்ந்ததும் தொடங்கிய கணக்கு என்று இரண்டு வைத்திருக்கும் பிள்ளைகள் பணம் வரவில்லை என்று மாதக்கணக்கில் அலைவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருந்தது. இரண்டு ஆண்டுகளாக வரவு செலவு இல்லாத கணக்கு செயலற்றதாகவும் ஆகிவிடும். தங்கையை வங்கிக்கு அழைத்துப்போய், ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது என்று பார்த்து, அந்தக் கணக்கில் நூறு ரூபாய் போட்டுப் பாஸ்புக்கில் பதிந்துகொண்டு வாருங்கள். அந்தப் பக்கத்தின் நகலைத்தான் திட்ட அலுவலர் முதல் நாளே கேட்பார்.